இரண்டாவது எக்ஸ்ரே எடுப்பதா, வேண்டாமா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. மாத்தளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி... பெயர் வேண்டாமே. எக்ஸ்ரே அறைக்கு வெளியே, கொரிடோரில், என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"நே."

சிங்களத்தில் 'இல்லை' என்று அர்த்தம். நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எங்கள் வீட்டில் பல நாட்கள் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நானாவது பரவாயில்லை, பயப்படுவதையே பிழைப்பாக வைத்திருப்பவள். கொல்லையில் தேங்காய் விழுந்தாலும் யார் தலையில் விழுந்தது என்று எண்ணிப் பார்க்கிற ஜாதி. ஆனால் எங்கள் வீட்டின் தைரியசாலிகளும் சேர்ந்து ஆடிப்போனார்கள்.

வீட்டுக்காரரை உங்களில் பலருக்கு இந்தப் பக்கத்தின் மூலம் தெரியும். டவுனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். எந்த வீட்டுக் கல்யாண அல்பத்தைக் கொடுத்தாலும் "லைட் பத்தல" என்று சொல்லாமல் மூட மாட்டார். மருமகள் கவிதாவைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. மாமியார் மருமகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்? இதை அவள் முழுவதும் படித்துவிட்டு, "போடுங்க மாமி" என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன்.

கவிதா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இங்கே தம்புள்ளை ரோட்டில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை. வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய், இது கறுவா, இது சாதிக்காய், இது மிளகுக் கொடி என்று தமிழைத் தவிர மற்ற எல்லா மொழியிலும் விளக்குவாள். அப்படி ஒரு வாய். அந்த வாய் மாமனார் முன்னால் மட்டும் திறக்காது. வளர்ப்பு அப்படி.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பொயா... பௌர்ணமி விடுமுறை. என் மகன் ரமேஷ் தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரக் கடையில் இருக்கிறான். லீவு கிடைப்பதே அபூர்வம். இருவரும் மோட்டார் சைக்கிளில் ரிவர்ஸ்டன் மலைக்குப் போனார்கள். அங்கே காற்றைப் பற்றித்தான் தெரியுமே... ஆளைத் தூக்கும். பனிமூட்டத்தில் ஈரக் கல்லில் கால் வைத்து, கவிதா பக்கவாட்டில் விழுந்திருக்கிறாள். "லேசா வழுக்கிருச்சி மாமி" என்று சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் விடிய ரமேஷ் வேலைக்குப் போய்விட்டான். இவள் கட்டிலிலிருந்து இறங்கி இடது காலை ஊன்றினாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு மூட்டில் வலி. முகம் வெளுத்துவிட்டது.

த்ரீவீலர் பிடித்து நானும் இவரும் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு சின்ன வயது டொக்டர் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

எக்ஸ்ரே அறைக் கொரிடோர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? ஒரு நீள பெஞ்சு, அதில் கைக்கட்டுப் போட்டவர்கள், இருமுகிறவர்கள், அழுகிற பிள்ளைகள். எங்கள் தெருக்காரர் ஒருவரும் இருந்தார். கதவு திறந்தது. படம் எடுக்கிற மிஸ் வெளியே வந்தாள். சிங்களப் பிள்ளை, கவிதாவை விட இரண்டு மூன்று வயது மூப்பு இருக்கலாம். துண்டைப் பார்த்தாள், சக்கர நாற்காலியில் இருந்த கவிதாவைப் பார்த்தாள், கேட்டாள்:

"பபெக் இன்ன புளுவன்த?"

வயிற்றில் குழந்தை இருக்க வாய்ப்பு உண்டா என்று கேள்வி. பெஞ்சில் இருமல் நின்றுபோனது. கவிதா தலையைக் குனிந்தாள். என் வீட்டுக்காரருக்குக் காது வரை சிவந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில், மாமனார் பக்கத்தில் நிற்கும்போது, இது என்ன கேள்வி? ஈயை விரட்டுகிற மாதிரி கையை வீசினார்.

"நே, நே மிஸ்!"

மருமகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அவருக்கு நினைப்பு. ஒரு கையில் அவளுடைய செருப்பும் மறு கையில் கைப்பையுமாக நின்ற நானும் அந்தப் பதிலில் ஒரு குறையும் காணவில்லை. இருந்தால் நமக்குத் தெரியாமலா போகும்?

போகும்! நம் வீடுகளில் போகும். பிள்ளை ஓ.எல். பரீட்சையில் பெயிலானது ஊருக்குத் தெரியும். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும். ஆனால் நாள் தள்ளிப் போனது மட்டும் மூன்று மாதம் முடியும் வரை யாருக்கும் தெரியக் கூடாது. கண் பட்டுவிடும். கவிதாவின் அம்மா கல்யாணத்தன்றே அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாராம், "மூணு மாசம் வாயத் தொறக்காத" என்று. என் அம்மா எனக்கும் அதைத்தான் சொன்னார். அதனால் அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

கவிதாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சீக்கிரமே வெளியே வந்தாள். நாங்கள் டொக்டரின் மேசைக்குப் போனோம். கம்ப்யூட்டரில் படம் வந்தது. டொக்டர் கண்ணைச் சுருக்கினார். அவர் தோளுக்கு மேலாக என் வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். யார் கூப்பிட்டது? யாரும் கூப்பிடவில்லை.

"என்ன டொக்டர் இது, படம் பூரா மணல் தூவின மாதிரி க்ரெய்ன் அடிக்குது! என் ஸ்டூடியோவுல இப்படி ஒண்ணு குடுத்தா மூஞ்சில வீசிட்டுப் போவாங்க."

டொக்டரும் மறுக்கவில்லை. "மூட்டு சரியாத்தான் இருக்க மாதிரி தெரியுது. ஆனா முன்பக்க எலும்புல ஒரு கோடு மாதிரி... நிச்சயமா சொல்ல ஏலாது. இன்னொண்ணு எடுத்துப் பார்ப்போம்."

"பவரக் கூட்டி எடுக்கச் சொல்லுங்க டொக்டர். லைட்டு இருந்தாத்தானே படம்?"

மறுபடி கொரிடோர். அதே மிஸ். புதுத் துண்டைப் படித்தாள். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை அவளே உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

நேரம் போனது. ஒரு படத்துக்கு இவ்வளவு நேரமா? என் மனசு வேலையை ஆரம்பித்துவிட்டது. எலும்பு உடைந்துவிட்டதா, மெஷின் உடைந்துவிட்டதா, மயங்கி விழுந்துவிட்டாளா... கதவு ஒரு சாண் திறந்தது.

"அம்மா மட்டும் வாங்க."

உள்ளே போனேன். ஏ.சி. குளிர். கவிதா அந்த மேசை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளிப் போயிருக்கு மாமி. அவருகிட்டயும் சொல்லல. ரிவர்ஸ்டன்ல, மேல போயி சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள விழுந்துட்டேன். மாமா நேன்னு சொன்னதும்... எப்படி மாமி அவ்வளவு பேருக்கு முன்னால மாமா சொன்னத இல்லன்னு சொல்றது?"

ஒரு படம் ஏற்கனவே எடுத்தாயிற்று. கை விரலுக்கு எடுத்தாலும் பரவாயில்லை. இடுப்புக்கு! குழந்தை இருக்கிற இடத்துக்கே! கதிர் போயாயிற்று. போனதைத் திருப்பிக் கூப்பிட முடியுமா?

என் முகத்தைப் பார்த்து அந்த மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில் பேசினாள்.

"அம்மா, நான் கொரிடோர்ல வச்சிக் கேட்டது சரியில்ல. அங்க யாரும் ஓவ், ஆமான்னு சொல்ல மாட்டாங்க. எனக்கு அது தெரியும். அதுதான் சின்ன வயசுப் பொம்பளப் பிள்ளைகள் வந்தா, இல்லன்னு சொன்னாலும் இருக்குன்னு நினைச்சித்தான் நான் மெஷின செட் பண்றது. வலிக்கிற பக்கம் மட்டும் படுற மாதிரி வெளிச்சத்தச் சுருக்கிட்டேன். கதிரும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு."

"அதுதான் படம் அப்படி மணலா..."

"அதுதான். கதிர் குறைஞ்சா படத்துல புள்ளி புள்ளியா வரும். கொஞ்சம் கூடவே குறைச்சிட்டேன் போல. ரெண்டாவது துண்டு வந்ததும் எனக்கு மனசு கேக்கல. அதுதான் கதவச் சாத்திக் கேட்டேன்."

மூஞ்சில் வீசிவிட்டுப் போவார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னாரே, அந்தப் படம். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

இரண்டாவது படத்தை நிறுத்தி வைத்தார்கள். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. உண்டு என்று வந்தது. நினைத்துப் பாருங்கள்... எங்கள் வீட்டின் முதல் பேரக் குழந்தை. கற்கண்டு கொடுத்துக் கொண்டாட வேண்டிய செய்தி. நாங்கள் மூன்று பேரும் எழவு வீட்டு முகத்தோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, "நான்தானே சொன்னேன்... நான்தானே சொன்னேன்..." என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் வழக்கமாக அவரைத் திட்டுகிற சந்தர்ப்பம் இது. திட்ட வாய் வரவில்லை.

பெரிய டொக்டர் வந்தார். மாத்தளை முஸ்லிம் மனிதர், நம் தமிழ்தான். முதல் படத்தை நெடுநேரம் பார்த்தார். கவிதாவின் காலை மெதுவாகத் தூக்கினார், மடக்கினார், இடுப்பை அங்கங்கே அமுக்கிப் பார்த்தார். நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"டொக்டர், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுதானே?"

"ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணச் சொன்னா நான் பண்ண மாட்டேன். எக்ஸ்ரே எடுக்காத பிள்ளைக்கும் பண்ண மாட்டேன். ஆனா இந்த ஒரு படத்தால ஆகிரும்னு பயப்பட ஒரு காரணமும் இல்ல. தீங்கு வர்ற அளவு எங்கயோ மேல இருக்கு. இது அதுக்கு எவ்வளவோ கீழ."

"அப்ப ரெண்டாவது?"

"அதையும் ஆபத்துன்னு சொல்ல வரல. தேவைன்னா இப்பவே எடுப்பேன். தேவையான்னுதான் யோசிக்கிறேன். இந்தப் படம் அழகா இல்ல, ஆனா மூட்டு உடையலன்னு சொல்லப் போதும். முன்பக்கம் ஒரு கீறல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணுதான், படுத்து ஓய்வெடுக்கிறது. தெளிவான படம் எடுத்தா உங்க மனசு தெளியும், என் மனசும் தெளியும். வைத்தியம் மாறாது. பிறகு எதுக்கு எடுக்கணும்?"

பிறகு கவிதாவைப் பார்த்துச் சொன்னார், "ஆனா மகள், வலி கூடிச்சுன்னா, காலை அசைக்கவே முடியலன்னா, உடனே வரணும். பிள்ளைய நினைச்சிக்கிட்டு வலிய மறைக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்தோம். டொக்டர் சொன்னதெல்லாம் கொரிடோர் வரைக்கும் என் மண்டையில் இருந்தது. வாசலைத் தாண்டியதும் பாதி போய்விட்டது. வீட்டுப் படி ஏறியபோது 'சத்தியம் பண்ண மாட்டேன்' மட்டும் மிச்சம் இருந்தது. பயந்தவள் காதில் எது தங்கும் என்று பாருங்கள்!

போனில் செய்தி கேட்ட ரமேஷ், கிடைத்த லொறியில் ஏறித் தம்புள்ளையிலிருந்து ஓடி வந்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றான். அவள், "சொல்றதுக்குத்தானே அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போகச் சொன்னேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் கண்டியிலிருந்து என் நாத்தனார் போன் எடுத்தார். வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். தங்கச்சியிடம் மனசு பொறுக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மறுமுனையிலிருந்து ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது:

"அண்ணே, யோசிக்காம கலைச்சிருங்க. சின்ன வயசுதானே, அடுத்தது பார்த்துக்கலாம். கையி காலு இல்லாமப் பொறந்தா யாரு வளர்க்கிறது?"

உண்மையைச் சொல்கிறேன். நான் அந்த நேரம் வாயைத் திறந்து மறுத்துப் பேசவில்லை. காரணம், அந்தப் பயம்தான் என் நெஞ்சுக்குள்ளும் உட்கார்ந்திருந்தது. நான் சொல்லக் கூசியதை நாத்தனார் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அறைக் கதவு திறந்தது. கவிதா சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தரையில் வைத்தும் வைக்காமலும் வந்தாள். ரமேஷ் பின்னாலேயே, "படு, படு" என்று கெஞ்சிக்கொண்டு. அவள் நேராக மாமனாரிடம் வந்து கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார்.

"அத்தை, நான் கவிதா பேசுறேன். காலையில எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. மாமா பதில் சொன்னாங்க, நான் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். இதுக்கு நானே சொல்றேன். புள்ள இருக்கும். பயப்பட வேணாம்னு டொக்டர் சொன்னத நான் காதால கேட்டேன். நீங்களும் பயப்படாதீங்க. வச்சிரட்டுமா அத்தை?"

வைத்துவிட்டாள். மாமனார் முன்னால் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. வீட்டுக்காரர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு நகர்த்திப் போட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தேநீர் குடித்துவிட்டு எழுதியிருப்பேன். முடியவில்லை. அந்த நடையோ, வேறு என்னவோ, வாரம் முடிவதற்குள் வலி கூடிவிட்டது. புரண்டு படுத்தால் அலறினாள். காலை அசைக்க முடியவில்லை. டொக்டர் சொன்ன அதே அடையாளம்.

போவதா, வேண்டாமா? போனால் இரண்டாவது படம். ரமேஷ், "வேணாம்மா, இன்னொரு எக்ஸ்ரே வேணாம், எண்ணெய் போட்டுப் பார்ப்போம்" என்றான். பவரைக் கூட்டச் சொன்ன மனிதர் இப்போது, "மெஷின் பக்கமே போக வேணாம்" என்று கை எடுத்துக் கும்பிட்டார். ஒரு பக்கம் தாயின் கால், மறு பக்கம் பிள்ளையின் உயிர். நான் யார் பக்கம்? காலையில் ஒரு பக்கம், மத்தியானம் ஒரு பக்கம்.

முடிவைக் கவிதாதான் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "இந்தக் காலு விளங்காமப் போனா, புள்ளைய யாரு மாமி தூக்கிக்கிட்டு நடக்கிறது? த்ரீவீலருக்குச் சொல்லுங்க."

பெரிய டொக்டர் பார்த்தார். "இப்ப எடுக்கத்தான் வேணும்" என்றார். "அன்னைக்கு வைத்தியம் மாறாதுன்னு சொன்னேன். இன்னைக்கு மாறலாம். எலும்பு விலகியிருந்தா ஒப்பரேஷன் வரைக்கும் போகும். தெரியாம நான் எதையும் தொட மாட்டேன்."

மறுபடி அந்தக் கொரிடோர். பெஞ்சு நிறைய ஆட்கள். கதவு திறந்து அதே மிஸ் வந்தாள். கவிதாவை அடையாளம் தெரிந்துகொண்டாள். நாற்காலியை உள்ளே தள்ளப் போனாள், கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம் என்றுதான். அதற்குள் கவிதா, சுற்றுலாக்காரர்களிடம் பேசுகிற அந்தத் தெளிவான குரலில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"மிஸ், மட பபெக் இன்னவா!"

எனக்குக் குழந்தை இருக்கிறது. பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு முதுகில் வியர்த்தது. வீட்டுக்காரர் மட்டும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே நின்றார்.

நான் மிஸ்ஸிடம் மெதுவாகக் கேட்டேன், "போன தடவ மாதிரியே குறைச்சே எடுத்துருங்களேன் பிள்ளை. மணலா வந்தாலும் பரவாயில்ல."

"குறைச்சா டொக்டருக்குத் தெரியாமப் போகும் அம்மா. அப்புறம் மூணாவது எடுக்கணும். இந்தத் தடவ ஒரே படம், போதுமான அளவு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

யோசித்துப் பார்த்தேன். கறிக்கு உப்புக் குறைந்தால் மேலே தூவிக்கொள்ளலாம். இதில் குறைந்தால் தூவ முடியாது, கறியையே திரும்ப வைக்க வேண்டும். கூடினாலோ எடுக்கவே முடியாது. அன்றைக்கு எது அளவோ, இன்றைக்கு அது அளவில்லை. இவ்வளவு நாளும் எக்ஸ்ரே என்றால் பட்டனை அமுக்குவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்று, ஒவ்வொரு முறையும் இப்படி மனசுக்குள் நிறுத்துப் பார்க்கிறாள் என்று யார் நினைத்தோம்?

கதவைச் சாத்தினாள். மேலே சிவப்பு லைட் எரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன். முத்துமாரியைத்தான் முதலில். லைட் அணைந்தது. ஒரே படம். அவ்வளவுதான்.

இந்த முறை படம் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கே எலும்பு தெரிந்தது. முன்பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். விலகவில்லை. ஒப்பரேஷன் வேண்டாம். டொக்டர் ஊன்றுகோல் கொடுத்து, இந்தப் பக்கம் சாயாதே, அந்தப் பக்கம் திரும்பாதே என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்காரர் படத்தைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. ஐம்பது வருடக் கலைஞர் வாயை மூடிக்கொண்டது அன்றுதான்.

பிறகு ஸ்கேன். அதற்கும் நான் வாசலிலேயே வழிமறித்து, "இதுல எவ்வளவு கதிர்?" என்று கேட்டேன். "இதுல கதிரே இல்லம்மா, வெறும் சத்தம்" என்றார்கள். அரை மனசோடுதான் விட்டேன். உள்ளே திரையில் ஒரு மிளகு அளவில் ஏதோ துடித்தது. துடித்தது! கவிதா என் கையை நசுக்கினாள். ரமேஷ் அழுதான். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான், கவிதா படித்த பிறகுதான் இதை அனுப்புகிறேன் என்பதால் முடியவில்லை.

இன்னும் மாதங்கள் இருக்கின்றன. பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். குழந்தை கையில் வந்து, விரல்களை எண்ணிப் பார்க்கும் வரை எனக்குப் போகாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற மருமகள்களே, மகள்களே... நாள் தள்ளிப் போனால் புருஷனுக்கு அப்புறம் சொல்லுங்கள், மாமியாருக்கு மூன்று மாதம் கழித்தே சொல்லுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். எக்ஸ்ரே அறைக் கதவில் நிற்கிற அந்தப் பிள்ளையிடம் மட்டும் மறைக்காதீர்கள். மாமனார்களே, உங்களிடம் கேட்காத கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

அப்புறம்... அன்றைக்குக் கொரிடோரில் அத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்களே, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காய்ந்த மிளகாய் எடுத்துக் கவிதாவுக்குச் சுற்றிப் போட்டேன். கதிருக்கு டொக்டர் பதில் சொல்லிவிட்டார், கண்ணுக்கு யார் சொன்னார்கள்?